கானலையும் பெரிதாக்கும் கண்ணாடி

சித்திரைத் தேருக்குச் சமயபுரம் நடந்து போகிறவர்களுக்கு நெடுஞ்சாலையின் கானல் நன்றாகத் தெரியும். நம்பர் 1 டோல்கேட்டைத் தாண்டி, வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில் நின்று பார்த்தால், சற்றுத் தொலைவில் தார்ச்சாலை நனைந்து கிடப்பதுபோல் மின்னும். எதிரே வரும் பேருந்தின் சக்கரங்கள் அந்தப் பொய்த்தண்ணீரில் மிதக்கும். முன்னால் மஞ்சள் உடுத்தி நடக்கிற கூட்டம் முழங்கால் அளவுக்கு நெளியும். இதே காட்சியை ஒரு தொலைநோக்கியில் பார்த்தால் பேருந்து பெரிதாகும்; நெளிவும் அதே மடங்கு பெரிதாகும். பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க முடியவில்லை என்றால் குறை கண்ணாடியில் இருக்க வேண்டியதில்லை, இடையில் இருக்கும் காற்றிலேயே இருக்கலாம். துப்பாக்கி சுடும் போட்டிக்கு ஸ்கோப் வாங்க நினைக்கிறவர்கள் கடைக்குப் போகும்முன் இந்தச் சாலையை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கோப் பெட்டியின் மேல் 6–24×50 என்பதுபோல ஓர் எண்தொடர் இருக்கும். முதல் இரண்டு எண்களும் உருப்பெருக்கத்தின் எல்லைகள். கண்ணருகே உள்ள வளையத்தைத் திருப்பினால் இலக்கு 6 மடங்கிலிருந்து 24 மடங்குவரை பெரிதாகித் தெரியும். கடைசி எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இப்படி மடங்கை மாற்றிக்கொள்ள முடிவதால்தான் இதை மாறும் உருப்பெருக்க ஸ்கோப் என்கிறோம். விற்பவர் முதலில் சொல்வதும் வாங்குபவர் முதலில் கேட்பதும் நடுவில் உள்ள அந்தப் பெரிய எண்ணைத்தான். 24 நல்லது, 32 அதைவிட நல்லது, 50 என்றால் கேட்கவே வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. இந்த வரிசை தலைகீழானது என்பது என் வாதம். போட்டியின் விதி முதலில் வர வேண்டும். திருகினால் திருகிய அளவுக்கு நகரும் நேர்மை அடுத்து. பாரலாக்ஸ் சரிசெய்யும் வசதியும் மவுண்ட்டின் உறுதியும் அதற்கடுத்து. உருப்பெருக்கத்தின் உச்ச எண் கடைசியில் பார்க்க வேண்டியது.

விதியை ஏன் முதலில் வைக்கிறேன்? திருச்சியில் இந்த விளையாட்டின் மேல் பொதுமக்கள் கவனம் பெரிதாகத் திரும்பியது 2022 ஜூலையில். 47ஆவது தமிழ்நாடு மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி திருச்சி ரைபிள் கிளப்பில் நடந்தது. நடிகர் அஜித்குமார் அதில் பங்கேற்று 4 தங்கமும் 2 வெண்கலமும் வென்றார். அவர் சுட்டது பிஸ்டல் பிரிவுகளில். அங்கே தொலைநோக்கிக்கு இடமே இல்லை. ரைபிள் பக்கமும் அப்படித்தான். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவின் தங்கம், சென்னையில் பிறந்த ககன் நரங்கின் 2012 லண்டன் வெண்கலம், 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலேயின் வெண்கலம் எல்லாமே பீப் சைட் எனப்படும் துளைக்குறியில் வந்தவை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 10 மீட்டர் ஏர் ரைபிளில் குறிவைப்பதும் அதே துளை வழியாகத்தான். அந்த இலக்கின் மையப்புள்ளி அரை மில்லிமீட்டர். அதை அவர்கள் எந்த உருப்பெருக்கமும் இல்லாமல் அடிக்கிறார்கள். ஆகவே பிள்ளையை ஒலிம்பிக் பாதையில் கொண்டுபோக நினைக்கும் பெற்றோர் ஸ்கோப்புக்குச் செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் அந்தப் பாதைக்கு உதவாத ரூபாய். பயிற்சியாளரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பிள்ளை எந்தப் பிரிவில் சுடப்போகிறது, அந்தப் பிரிவில் எந்தக் குறிக்கருவிக்கு அனுமதி?

சர்வதேச விதிகளில் ஸ்கோப்புக்கு இடம் கொடுத்த ஒரு பிரிவு நமக்கு நல்ல பாடம். ஓடும் இலக்கு என்ற அந்த 10 மீட்டர் போட்டி 1992 முதல் 2004 வரை ஒலிம்பிக்கில் இருந்தது. ஹாங்சோ ஆசிய விளையாட்டிலும் நடந்தது. அதில் ஸ்கோப் வைக்கலாம், ஆனால் உருப்பெருக்கம் 4 மடங்குதான். இலக்கு ஒரு சிறு இடைவெளியைச் சில நொடிகளில் கடந்து ஓடுகிறது. அகலமான பார்வை இருந்தால்தான் அதைப் பின்தொடர முடியும். 20 மடங்கில் பார்த்தால் இலக்கு கண்ணாடிக்குள் வருவதற்குள் ஓட்டமே முடிந்துவிடும். எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதை இலக்கும் நேரமும் முடிவுசெய்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஸ்கோப் உண்மையிலேயே தேவைப்படும் போட்டிகள் வேறு. மேசையில் ரைபிளைத் தாங்கி வைத்துச் சுடும் பெஞ்ச் ரெஸ்ட், மரம் செடிகளுக்கு நடுவே வெவ்வேறு தூரத்தில் வைத்த உலோக இலக்குகளை ஏர் ரைபிளால் வீழ்த்தும் ஃபீல்டு டார்கெட், 1000 கஜம்வரை படுத்துச் சுடும் எஃப்-கிளாஸ், இடம் மாறி நிலை மாறிக் கடிகாரத்தோடு போட்டியிடும் பிரிசிஷன் ரைபிள் ஆகியவை முக்கியமானவை. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் வாழும் தமிழர்கள் பக்கத்து ரேஞ்சிலேயே இவற்றைப் பார்க்கலாம். இந்தியாவில் இவற்றில் எளிதாக எட்டக்கூடியது ஏர் ரைபிள் வகை. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ. குழல் விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் உட்பட்ட ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. ஃபீல்டு டார்கெட்டின் உலகப் போட்டி வரம்பு ஏறத்தாழ 16 ஜூல்தான். நம் சட்ட வரம்புக்குள் வசதியாக அடங்குகிறது.

இந்தப் போட்டிகளிலும் ஸ்கோப் தரும் முதல் நன்மை பெரிதாக்குவது அன்று. சாதாரண ஓபன் சைட்டில் கண் மூன்று இடங்களை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும்: பின்குறி, முன்குறி, இலக்கு. மூன்றும் மூன்று தூரத்தில் இருப்பதால் ஒன்று தெளிந்தால் மற்றவை மங்கும். நாற்பது வயது தாண்டி, செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடிக்கத் தொடங்கியவருக்கு இது பெரும்பாடு. ஸ்கோப் இலக்கின் பிம்பத்தையும் ரெட்டிக்கிள் எனப்படும் குறுக்குக்கோட்டையும் ஒரே தளத்தில் கொண்டுவந்து வைக்கிறது. கண் ஓரிடத்தைப் பார்த்தால் போதும். எஃப்-கிளாஸ் பிறந்த கதையே இதுதான். பழைய குறிக்கருவிகளோடு மல்லுக்கட்ட முடியாத வயதிலும் சுடுவதைத் தொடர வேண்டும் என்று கனடாவின் ஜார்ஜ் ஃபார்க்கர்சன் எடுத்த முயற்சியிலிருந்து அது வளர்ந்தது. பெயரில் உள்ள எஃப் அவருடைய எழுத்து. இந்த நன்மை 4 மடங்கு ஸ்கோப்பிலும் முழுதாகக் கிடைக்கிறது. நம் ராணுவம் நீண்டகாலம் பயன்படுத்திய டிராகுனோவ் ரைபிளின் ஸ்கோப் மாறாத 4 மடங்குதான். திருச்சி படைக்கலத் தொழிற்சாலையில் உருவான வித்வன்சக் என்ற கனரக ரைபிள் 1800 மீட்டர்வரை சுடக்கூடியது. அதற்கு 8 அல்லது 12 மடங்கு ஸ்கோப் பொருத்துகிறார்கள்.

ஒரு மறுப்பு இங்கே எழுவது நியாயம். ராணுவத்தின் இலக்கு வாகனமோ ராடாரோ. போட்டியாளரின் இலக்கு நாணயத்தைவிடச் சிறிய வட்டம். இரண்டையும் ஒப்பிடலாமா? ஒப்பிட வேண்டாம், கணக்கே போட்டுப் பார்ப்போம். நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள கோணத்தைப் பிரித்தறியும். இதைத்தான் சுடுபவர்கள் எம்.ஓ.ஏ. என்ற அளவாகப் பயன்படுத்துகிறார்கள். 100 மீட்டரில் அது 29 மி.மீ., 50 மீட்டரில் 14.5 மி.மீ. புள்ளி டூ டூ குண்டு துளைத்த ஓட்டை 5.6 மி.மீ. 50 மீட்டரில் அது வெறுங்கண்ணின் எல்லையில் பாதிகூட இல்லை. 10 மடங்கு பெரிதாக்கினால் அந்த எல்லையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்காகிவிடும். வெள்ளைத்தாளில் அந்த ஓட்டை தெரியும். 100 மீட்டருக்கு இதே தெளிவு வேண்டுமென்றால் 20 மடங்கு போதும். கறுப்பு வட்டத்துக்குள் விழுந்த ஓட்டையைப் பார்ப்பது கடினம்தான். அது நிறவேறுபாடு இல்லாததால் வரும் சிரமம். மடங்கை ஏற்றினால் முழுதாகத் தீராது. அதற்குத்தான் பக்கத்தில் தனியாக ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் வைத்துக்கொள்கிறார்கள். மின்னணு இலக்கு இருந்தால் அதுவும் வேண்டாம்.

அடுத்த மறுப்புத்தான் கடைகளில் அதிகம் கேட்பது: பெரிய எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, வேண்டாதபோது குறைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? குறையும். ஒரே விலையில் இரண்டு ஸ்கோப் இருந்து ஒன்றின் உச்சம் 12, மற்றதன் உச்சம் 32 என்றால், இரண்டாவதைச் செய்தவர் அந்த 32க்கான கண்ணாடிகளுக்கும் பொறியமைப்புக்கும் செலவிட்டிருக்கிறார். அந்தப் பணம் வேறு எங்கிருந்தோ குறைக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் திருகுகளின் துல்லியத்திலும் கண்ணாடியின் தரத்திலும்தான் அந்த வெட்டு விழும். இதோடு ஒளியின் கணக்கும் உண்டு. முன்கண்ணாடியின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 50 மி.மீ. ஸ்கோப்பை 10 மடங்கில் வைத்தால் 5 மி.மீ.; 25 மடங்கில் 2 மி.மீ.தான். பகல் வெளிச்சத்தில் நம் கண்பாவையே 2, 3 மி.மீ. அளவில்தான் இருக்கும். 2 மி.மீ. கற்றைக்கு நேராகக் கண்ணைக் கொண்டுபோய் நிறுத்துவது, ஊசிக் காதுக்குள் நூலைக் கோப்பதுபோல. தலை இம்மி நகர்ந்தாலும் ஓரத்தில் கரிய நிழல் கவியும். மேகம் மூடிய மாலையில் படமே மங்கிவிடும். பார்வையின் பரப்பும் சுருங்கும்: 6 மடங்கில் 100 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 6 மீட்டர் அகலம் தெரியும் ஸ்கோப், 24 மடங்கில் ஒன்றரை மீட்டரைத்தான் காட்டும். வரிசையாக ஒரேமாதிரி இலக்குகள் நிற்கும் ரேஞ்சில் பக்கத்துக்காரரின் இலக்கைச் சுட்டுப் புள்ளி இழப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அதற்கு இந்தக் குறுகிய பார்வையும் ஒரு காரணம்.

இப்போது கானலுக்குத் திரும்புவோம், ஏனென்றால் நம் ஊரில் இந்த வாதத்தின் கனம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. வெயிலில் காய்ந்த தரை தன்மேல் உள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலெழ, குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு இறங்குகிறது. வெவ்வேறு அடர்த்தியுள்ள இந்தச் சுருள்கள் ஒவ்வொன்றும் தரமற்ற ஒரு கண்ணாடிச்சில்லுபோல ஒளியை வளைக்கின்றன. உச்சிப்பிள்ளையார் கோயில் மேலே நின்று, காவிரிக்கு அப்பால் நிற்கும் ஸ்ரீரங்கத்தின் 236 அடி ராஜகோபுரத்தைத் தொலைநோக்கியில் பார்ப்பவருக்கு, விடிந்ததும் நிலை நிலையாகப் பிரிந்து தெரிகிற சுதைவேலை, ஆற்றுமணல் காய்ந்த மதியத்தில் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் கலங்கும். 40 டிகிரியைத் தொடும் சித்திரை, வைகாசி வெயிலில் 100 மீட்டர் ரேஞ்சின் தரைக்குமேல் நடப்பதும் இதுதான். அந்த நேரத்தில் 12 மடங்கில் இலக்கின் விளிம்பு லேசாகத் துடிக்கும். 32 மடங்கில் இலக்கே ஒரு கொதிக்கும் கறையாகிவிடும். பணம் கொடுத்து வாங்கிய உச்ச எண் காலை ஒன்பது மணிக்குப் பிறகு பெட்டிக்குள் இருந்தாலும் ஒன்றுதான், துப்பாக்கிமேல் இருந்தாலும் ஒன்றுதான். குளிர்நாட்டு வீரர்கள் தங்கள் வானிலையில் எழுதிய பரிந்துரைகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் இதுவே.

கானல் வெறும் எதிரியும் இல்லை. அதன் ஓட்டத்தைப் பார்த்துக் காற்றைப் படிப்பது நீண்ட தூரப் போட்டியாளர்களின் முக்கியமான கலை. நெளிவு நேர்மேலே எழுந்தால் காற்று அசைவில்லை, அல்லது நம்மை நோக்கியோ நம்மிடமிருந்தோ நேராக வீசுகிறது. ஒருபக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் மென்காற்று. ஆற்றுநீர்போல் படுத்து ஓடினால் காற்று வலுத்துவிட்டது. இதைப் படிக்கக் கொஞ்சம் உருப்பெருக்கம் தேவை என்பது உண்மை. ஆனால் படிப்பது வேறு, குறிவைப்பது வேறு. மடங்கை ஏற்றிக் காற்றைப் படித்துவிட்டு, இறக்கிக் குறிவைக்கலாம். ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் காற்றைப் படித்துவிட்டு ரைபிளுக்குத் திரும்பலாம். மாறும் உருப்பெருக்கத்தின் மெய்யான பயன் இங்கேதான். எவ்வளவு உயர ஏறும் என்பதைவிட, ஏறவும் இறங்கவும் முடிகிறது என்பதே அதன் சிறப்பு.

உச்ச எண்ணிலிருந்து மிச்சம்பிடித்த பணத்தை எங்கே போடுவது? முதலில் டரட் எனப்படும் திருகுகளில். ஸ்கோப்பின் மேலும் பக்கத்திலும் உள்ள இந்தக் குமிழ்களைத் திருப்பினால் க்ளிக் க்ளிக் என்று குறி நகரும். ஒரு க்ளிக் கால் எம்.ஓ.ஏ. என்றால் 50 மீட்டரில் 3.6 மி.மீ. நகர வேண்டும், அரைக்கால் என்றால் 1.8 மி.மீ. மில் என்ற இன்னோர் அளவையில், ஒரு க்ளிக் பத்தில் ஒரு மில் என்றால் 50 மீட்டரில் 5 மி.மீ., 100 மீட்டரில் 10 மி.மீ. 50 மீட்டர் ரைபிள் இலக்கின் பத்துப் புள்ளி வட்டமே 10.4 மி.மீ.தான் என்பதால், அந்தத் தூரத்துப் பெஞ்ச் ரெஸ்ட்டுக்கு அரைக்கால் எம்.ஓ.ஏ. க்ளிக் பொருத்தம். தூரம் மாறிக்கொண்டே இருக்கும் போட்டிக்கு மில் எளிது. மீட்டரில் யோசிக்கும் நமக்கு, 100 மீட்டரில் 1 மில் என்பது 10 செ.மீ. என்று மனக்கணக்காகவே வரும். எதை எடுத்தாலும் ரெட்டிக்கிளும் டரட்டும் ஒரே அளவையில் இருக்க வேண்டும். ஒன்று மில்லிலும் மற்றது எம்.ஓ.ஏ.விலும் இருந்தால், கடிகாரம் ஓடும்போது தலைக்குள் பெருக்கல் கணக்கு ஓடும்.

க்ளிக் சத்தம் கேட்கிறது என்பதற்காகக் குறி நகர்ந்துவிட்டது என்று நம்பக் கூடாது. 100 மீட்டரில் உயரமான ஒரு தாளை ஒட்டி, தூக்குக்குண்டு வைத்து நேர்க்கோடு வரைந்து, 10 மில் மேலே திருகிச் சுட்டால் குண்டு சரியாக ஒரு மீட்டர் உயரத்தில் விழ வேண்டும். 97 செ.மீட்டரில் விழுந்தால் ஸ்கோப் நூற்றுக்கு மூன்று பொய் சொல்கிறது. அந்த மூன்று விழுக்காடு 1000 கஜத்தில் ஏறத்தாழ 27 செ.மீ. ஆகிவிடும், அமெரிக்க எஃப்-கிளாஸ் இலக்கின் பத்துப் புள்ளி வட்டத்தின் முழு விட்டமே 25 செ.மீ.தான். அங்கே சோதனைக் குண்டுகள் சுட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்று சொல்லலாம். முதல் குண்டே கணக்கில் சேரும் போட்டிகளில் அந்த வாய்ப்பு இல்லை. 100 மீட்டர் கிடைக்காதவர்கள் கிடைத்த ரேஞ்சிலேயே பெட்டிச் சோதனை செய்யலாம்: ஒரே புள்ளியைக் குறிவைத்தபடி இருபது க்ளிக் மேலே, இருபது வலப்பக்கம், இருபது கீழே, இருபது இடப்பக்கம் என்று ஒவ்வொரு மூலையிலும் சுட்டுவர வேண்டும். கடைசிக் குண்டு முதல் குண்டின் ஓட்டைக்கே திரும்பி வந்தால் அந்த ஸ்கோப்பை நம்பலாம். வளையத்தைச் சிறிய எண்ணிலும் பெரிய எண்ணிலும் வைத்து ஒரே இலக்கைச் சுட்டுப் பார்ப்பதும் அவசியம். மலிவான மாறும் ஸ்கோப்புகளில் மடங்கு மாறும்போது ஜீரோவும், அதாவது குண்டு விழும் இடத்தோடு பொருத்தி வைத்த குறியும், நகர்ந்துவிடுவது பழைய வியாதி.

அடுத்தது பாரலாக்ஸ். பேருந்தின் ஓரச் சீட்டிலிருந்து ஓட்டுநரின் வேகமானியைப் பார்த்தால் முள் வேறு எண்ணைக் காட்டும். முள்ளும் எண்பலகையும் ஒரே தளத்தில் இல்லாததே காரணம். ஸ்கோப்பிலும் இலக்கின் பிம்பம் குறுக்குக்கோட்டின் தளத்தில் விழாவிட்டால் இதே தவறு நேரும். பாரலாக்ஸை 100 கஜத்துக்குப் பூட்டி அனுப்பிய 40 மி.மீ. ஸ்கோப்பால் 50 மீட்டர் இலக்கைப் பார்க்கும்போது, கண் ஒளிக்கற்றையின் ஓரத்துக்குப் போனால் குறி 9 மி.மீ. வரை தவறலாம். பத்துப் புள்ளி வட்டத்தின் ஆரம் 5.2 மி.மீ. என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆகவே 10, 25, 50 மீட்டர் என்று நம் கிளப்புகளில் புழங்கும் குறுந்தூரங்களுக்கு, பக்கவாட்டிலோ முன்பக்கத்திலோ குமிழைத் திருப்பிப் பாரலாக்ஸைச் சரிசெய்யக்கூடிய ஸ்கோப் கட்டாயம். குறைந்தபட்ச தூரம் 10 மீட்டராக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சோதிப்பது எளிது. ரைபிளை மணல்பையில் அசையாமல் வைத்து, தொடாமல், கண்ணை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தால் குறுக்குக்கோடு இலக்கின்மேல் நடக்கக் கூடாது.

என் வாதத்துக்கு விலக்குகள் உண்டு. அவற்றை மறைத்தால் வாதம் நேர்மையாக இருக்காது. ஃபீல்டு டார்கெட்டில் தூரத்தை அளக்க லேசர் கருவிக்கு அனுமதி இல்லை. இலக்கு 9 மீட்டரிலும் இருக்கலாம், 50 மீட்டரிலும் இருக்கலாம். ஏர் ரைபிள் பெல்லட் மெதுவாகப் போவதால் 45க்கும் 50க்கும் நடுவிலேயே சில செ.மீ. இறங்கிவிடும், அடிக்க வேண்டிய துளையோ அதிகபட்சம் 4 செ.மீ. விட்டம். அதனால் வீரர்கள் ஸ்கோப்பையே அளவுகோலாக்கிக்கொள்கிறார்கள்: பாரலாக்ஸ் சக்கரத்தைத் திருப்பி, படம் தெளிகிற இடத்தில் சக்கரத்தில் குறித்த தூரத்தைப் படிக்கிறார்கள். உருப்பெருக்கம் கூடக்கூடத் தெளிவின் எல்லை குறுகி அளவு துல்லியமாகும். இங்கே 40, 50 மடங்குக்கு நியாயமான வேலை இருக்கிறது. எஃப்-கிளாஸிலும் 15–55 போன்ற ஸ்கோப்புகள் சாதாரணம். ஆனால் அதே வீரர்கள் கானல் எழுந்ததும் வளையத்தை இறக்குவதையும் பார்க்கலாம். இரண்டு விலக்குகளும் ஒன்றையே சொல்கின்றன: பெரிய எண்ணை வாங்கியவர்கள் அதைத் தங்கள் போட்டியின் ஒரு குறிப்பிட்ட வேலைக்காக வாங்கினார்கள். ஃபர்ஸ்ட் ஃபோக்கல் பிளேன், செகண்ட் ஃபோக்கல் பிளேன் என்ற தேர்வும் இதே கேள்வியில் தீர்ந்துவிடும். முதல் வகையில் குறுக்குக்கோட்டின் அளவுகள் எந்த மடங்கிலும் மெய்யாக இருக்கும். நேர நெருக்கடியில் மடங்கை மாற்றிக்கொண்டே சுடுபவருக்கு அது வேண்டும். இரண்டாம் வகையில் கோடு எப்போதும் மெல்லியதாக இருக்கும், அதன் அளவுகள் ஒரே ஒரு மடங்கில்தான் பொருந்தும். ஒரே தூரத்தில் ஒரே புள்ளியைச் சுடுபவருக்கு அதுவே நல்லது.

பெரிதாகப் பார்த்தால் கையின் நடுக்கத்தையும் பார்த்துத் திருத்திக்கொள்ளலாமே என்று ஒரு கருத்து உண்டு. மேசையிலோ தரையிலோ தாங்கிச் சுடுபவருக்கு அது சரி. தாங்குதலில் உள்ள குறையைக் கண்ணாடி காட்டிக்கொடுக்கும். நின்று சுடுபவருக்கு அது தீங்காக முடியும். உடல் எப்போதும் சற்று ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்துக்குள் மென்மையாக விசையை அழுத்துவதுதான் பயிற்சி. 24 மடங்கில் அந்த ஆட்டம் புயல்போலத் தெரிய, குறி மையத்தைக் கடக்கிற கணத்தில் விசையைச் சட்டென்று பறிக்கத் தோன்றும். புள்ளிகள் போவது பெரும்பாலும் அந்தப் பறிப்பில்தான். 8, 10 மடங்கில் மனம் அமைதியாக இருக்கும், விரலும் அமைதியாக இருக்கும்.

மவுண்ட்டைப் பற்றி யாரும் பெருமை பேசுவதில்லை. ஆனால் ரைபிளுக்கும் ஸ்கோப்புக்கும் உள்ள உறவே அந்த இரண்டு உலோக வளையங்கள்தான். ஏர் ரைபிளில் பெரும்பாலும் 11 மி.மீ. டவ்டெயில் பள்ளம் இருக்கும். மற்றவற்றில் பிக்காட்டினி ரயில். ஸ்கோப் குழலின் விட்டம் பெரும்பாலும் 25.4 மி.மீ. அல்லது 30 மி.மீ.; வளையம் அதற்குப் பொருந்த வேண்டும். ஸ்பிரிங் ஏர் ரைபிள் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். அதன் பிஸ்டன் முதலில் துப்பாக்கியைப் பின்னால் தள்ளி, உடனே முன்னாலும் இழுக்கும். பெரிய ரைபிளின் ஒருபக்க உதையைத் தாங்கும் ஸ்கோப்புகூட இந்த இருபக்கக் குலுக்கலில் உள்ளுக்குள் உடைந்துபோகலாம். ஸ்பிரிங் ரைபிளுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் எழுதிக்கொடுத்த ஸ்கோப்பையும், பின்னால் நகராமல் தடுக்கும் முட்டுள்ள மவுண்ட்டையும் மட்டுமே எடுக்க வேண்டும். குமிழிமட்டம் ஒன்றும் சேர்த்துப் பொருத்தினால் துப்பாக்கி பக்கவாட்டில் சாய்வது கண்ணில் படும். சாய்ந்த துப்பாக்கியில் திருகும் ஒவ்வொரு க்ளிக்கும் குறியைக் கொஞ்சம் பக்கத்துக்கும் தள்ளும்.

இவ்வளவு நுணுக்கம் தொடக்கக்காரருக்குத் தேவையா, ஏதோ ஒன்றை வாங்கிப் பழகிக்கொள்ளட்டுமே என்று கேட்கலாம். தொடக்கக்காரருக்குத்தான் இது அதிகம் தேவை. அனுபவசாலி, குண்டு தவறினால் தவறு தன்னுடையதா கருவியுடையதா என்று பிரித்தறிவார். புதிதாக வந்த மாணவிக்கு அது தெரியாது. ஜீரோ நகர்ந்துவிட்ட ஸ்கோப்பால் சுட்டுவிட்டு, தன் கையையும் கண்ணையும் குறைசொல்லி, இல்லாத தவறைத் திருத்தப் போய் இருந்த நல்ல பழக்கத்தையும் கெடுத்துக்கொள்வாள். உண்மை சொல்கிற சாதாரண ஸ்கோப் அவளுக்கு ஆசிரியர். நடுத்தரக் குடும்பம் இந்த விளையாட்டுக்கு எடுத்துவைக்கும் பணம் சிறியதன்று. அந்தப் பணம் எண்ணுக்குப் போகாமல் உண்மைக்குப் போக வேண்டும் என்பதே என் ஆதங்கம்.

ஆகவே வாங்கும்போது ஏசி அறைக்குள் எதிர்ச்சுவரைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். துப்பாக்கியில் பொருத்தாத ஸ்கோப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு, உச்சிவேளையில் வாசலுக்கு வாருங்கள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் திரும்பிவிடாதீர்கள். மேசைமேலோ சுவர்மேலோ அசையாமல் தாங்கி, தெருக்கோடியில் உள்ள ஒரு பெயர்ப்பலகையின் சின்ன எழுத்துகளைப் பாருங்கள். வளையத்தைக் கடைசி எண்ணிலிருந்து தொடங்காமல், முதல் எண்ணிலிருந்து மெல்ல ஏற்றுங்கள். எழுத்து பெரிதாகும், தெளிவாகும். மேலும் பெரிதாகும், மேலும் தெளிவாகும். ஓரிடத்தில் எழுத்து பெரிதாகிக்கொண்டே போகும், தெளிவு மட்டும் கூடாமல் நின்றுவிடும். அங்கே கையை எடுத்துவிட்டு வளையத்தில் உள்ள எண்ணைப் படியுங்கள். பெட்டியில் எது அச்சாகியிருந்தாலும், நம் வெயிலில் அந்த ஸ்கோப்பின் உச்ச எண் அதுதான்.